கம்பளியைப் பற்றிய ஒரு வரி

காலையில் ஆபீசுக்குள் வந்ததும் குடையை மடக்கி மூலையில் சாய்த்து வைப்பார். தன் அறைக்குப் போகாமல் நேரே என் டைப்ரைட்டர் மேசைக்கு வந்து நிற்பார். நின்றாலே எனக்குத் தெரிந்துவிடும், நேற்றுச் சொன்ன ஏதோ ஒன்றைத் திருத்த வந்திருக்கிறார் என்று.

"நேத்து மழை கடுமைன்னு சொன்னேங்க மிஸ். யோசிச்சுப் பாத்தேன். கடுமை இல்லீங்க. ரொம்ப நேரம் பெஞ்சுச்சு, அவ்வளவுதான். மழை சாதாரண மழைதான்."

"சரிங்க சார்."

"கடுமைன்னு சொன்னதத் தள்ளிடுங்க."

அதற்குப் பிறகுதான் அறைக்குப் போவார். மழையைப் பற்றி அவர் சொன்னது எனக்கு ஞாபகத்திலேயே இருக்காது. அவருக்கு இருக்கும். அந்த ஒரு சொல் விடியும்வரை அவரைப் புரட்டி எடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்த மனிதருக்கு எங்கேயோ ஒரு ஆணி கழன்றுவிட்டது என்றே முடிவுகட்டியிருந்தேன். பிறகு அந்த முடிவை முழுவதும் மாற்றிக்கொண்டேன் என்றும் சொல்ல மாட்டேன்.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே, சில தோட்டங்களை வைத்திருந்த ஒரு கம்பெனி, தேயிலையில் வரும் நோய்களைப் பார்ப்பதற்கென்று சின்னதாக ஒரு ஆராய்ச்சி நிலையம் நடத்திவந்தது. பக்கமெல்லாம் கண்ணாடி ஜன்னல் என்பதால் லயங்களில் குடியிருந்த தோட்டத்து ஆட்களுக்கு அது கண்ணாடி ஆபீசு. சுதந்திரம் கிடைத்து, தோட்டத்துத் தமிழர்களின் பிரஜாவுரிமை பறிபோய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம். நிலையத்துக்குப் பெரியவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. அவருக்குக் கீழே உதவி ஆராய்ச்சியாளராக இவர். டைப் அடிக்க நான். ஹட்டனில் கன்னியாஸ்திரிகளிடம் டைப்பிங் படித்தவள் நான். அம்மா பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். இவரும் லயத்துப் பிள்ளைதான். மஸ்கெலியாப் பக்கம் பிறந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்துப் பாதிரியார் ஒருவர் கைதூக்கிவிட, மதராசுக்குப் போய்ப் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பியவர். திரும்பி வந்தபோது தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. ஆபீசுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு குவார்ட்டர்ஸில் தானே பொங்கித் தானே சாப்பிட்டுக்கொண்டு கிடந்தார்.

கல்யாணம் ஒன்று கூடிவந்தது. ஹட்டனில் கடை வைத்திருந்த ஒருவர் தன் மகளைக் கொடுக்க இருந்தார். பெண் பார்க்கப் போன இடத்தில், "வேலை நெரந்தரந்தானே தம்பி?" என்று கேட்டிருக்கிறார். இவரும் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வந்தவர் அடுத்த நாள் லீவு போட்டு, பஸ் ஏறி, அதே வீட்டு வாசலில் போய் நின்றார். "நேத்து ஆமான்னு சொல்லிட்டேங்க. நெரந்தரமாக்கலாம்னு துரை வாயால சொன்னதுதான், எழுத்துல இன்னும் வரல. பிரஜாவுரிமைக்கும் எழுதிப் போட்டிருக்கேன், அதுவும் வரலீங்க." வீட்டுக்காரர் மரியாதையாக ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இதை அவரே என்னிடம் சொன்னார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "கல்யாணம் முடிஞ்ச பெறகு சொல்லியிருக்கக் கூடாதா சார்?" என்று கேட்டேன்.

"அதுக்குப் பெறகு சொன்னா அது திருத்தம் இல்லீங்களே மிஸ். ஏமாத்துன்னுதான் சொல்லணும்."

சபையிலும் இதே கதை. அவருடையது புரொட்டஸ்டன்ட் சபை, நான் கத்தோலிக்கச்சி. நடந்ததைச் சொன்னது எங்கள் ஆபீஸ் பியூன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, காய்ச்சலிலிருந்து தன்னைக் குணமாக்கிய ஆண்டவருக்குச் சாட்சி சொன்னாராம். அடுத்த ஞாயிறு மறுபடி எழுந்து, ஆண்டவரோடு தோட்டத்து டாக்டர் கொடுத்த குளிசையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், போன வாரம் விட்டுப்போயிற்று என்றாராம். போதகருக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு சாட்சி சொல்லும் நேரத்தில் போதகர் இவர் இருக்கும் பக்கமே திரும்பவில்லையாம்.

இப்படிப்பட்ட ஆளோடு எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்க முடியும்? ஒருவர் பின் ஒருவராக விலகிப்போனார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் ஸ்டோர் பக்கம் போய் ஒன்றாக உட்காருவார்கள். இவர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். அலுமினியத் தட்டில் கரண்டி படும் சத்தம் என் மேசைக்குக் கேட்கும்.

நான் ஒரு தடவை சுகமில்லாமல் லீவில் இருந்துவிட்டு வந்தேன். வந்த அன்று சாயந்தரம் கிளம்பும்போது, கதவடியில் நின்றுகொண்டு சொன்னார்: "உங்க மிசின் சத்தம் இல்லாட்டி இந்தக் கட்டடம் ரொம்பப் பெருசாப் போயிடுதுங்க."

வீடு வரைக்கும் அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு நடந்தேன். எனக்கு அப்போது வயது இருபத்து மூன்றோ நாலோ. அவரை எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்க இப்போது என்ன இருக்கிறது? மறுநாள் காலை குடையை மூலையில் வைத்துவிட்டு நேரே என் மேசைக்கு வந்தார்.

"நேத்துக் கட்டடம் பெருசாப் போயிடுதுன்னு சொன்னேங்க. கட்டடம் அதே அளவுதான். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"சரிங்க சார், தள்ளிட்டேன்," என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். பிறகு நாள் முழுவதும் எழுத்துப் பிழையாக அடித்துத் தள்ளினேன்.

இந்த மனிதரிடம்தான் துரை அந்தக் கட்டுரை வேலையைக் கொடுத்தார். அப்போது தேயிலையில் கொப்புள நோய் பரவிக்கொண்டிருந்தது. இளங்கொழுந்தில் எண்ணெய் பட்டது போல் ஒரு புள்ளி விழும். அது உப்பிக் கொப்புளமாகி, இலையின் அடியில் வெள்ளையாகப் பூத்துவிடும். மழையும் மூட்டமும் தொடர்ந்தால் ஒரு மலைக்கொழுந்து முழுவதும் நாசம். இந்த நோயைப் பற்றி இதுவரை யார் யார் என்னென்ன எழுதியிருக்கிறார்களோ அத்தனையையும் படித்து, ஒன்றாக்கி, துரைமார்கள் வாசிக்கும் காலாண்டு ஏட்டுக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும். அது அவர் பெயரில் அச்சாகும். அதைக் காட்டி அவர் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதுகிறேன் என்று துரை சொல்லியிருந்தார்.

"இதுல நான் புதுசாக் கண்டுபிடிக்கிறது ஒண்ணும் இல்லீங்க மிஸ்," என்று எனக்கு விளக்கினார். "மத்தவங்க சொன்னத எல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சு, எது நிக்குது, எது விழுதுன்னு பாக்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொன்ன வேலை மாதக்கணக்கில் இழுத்தது. நான் அடித்துக் கொடுத்த தாள்களைக் கத்தரிக்கோலால் பத்தி பத்தியாக வெட்டுவார். கோதுமை மாப்பசை காய்ச்சி, பழுப்புத் தாளில் வேறு வரிசையில் ஒட்டுவார். இடம் போதாமல் அறைக்குக் குறுக்கே கயிறு கட்டி, உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் பத்திகளைத் தொங்கவிட்டிருந்தார். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். திருத்தியதை நான் மறுபடி அடிப்பேன். அவர் மறுபடி வெட்டுவார். சில வாக்கியங்களை எனக்கு வாசித்துக் காட்டி, எந்த இடத்தில் மூச்சு முட்டுகிறது என்று கேட்பார். பாதிக்கு எனக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் மூச்சு முட்டும் இடம் தெரியும். சொல்வேன். அந்த இடத்தில் ஒரு கோடு போடுவார். தனக்கு ரொம்பப் பிடித்த வாக்கியங்களைத்தான் முதலில் எடுத்துப் போட்டார். "இது அழகுக்காக எழுதினதுங்க, விசயத்துக்காக இல்ல," என்பார். குப்பைக் கூடையிலிருந்து அவற்றில் சிலவற்றை எடுத்து நான் திரும்ப ஒரு தரம் படித்ததுண்டு. நன்றாகத்தான் இருந்தன.

அந்த நாட்களில் அவர் முகம் வேறு மாதிரி இருந்தது. திருத்தத் திருத்தக் கோபித்துக்கொள்ளாத ஒரு ஆள் கிடைத்தது போல் அந்தத் தாள்களோடு இருந்தார்.

ஒரு நாள் கொழும்பு நூலகத்திலிருந்து இரவல் கேட்ட பழைய ஏடுகள் ஒரு தகரப் பெட்டியில் ரயிலில் வந்து, ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து லொறியில் ஏறி வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் என் மேசைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அறைக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

"மிஸ், உங்க அம்மாவுக்கு இருமல் இன்னும் இருக்குங்களா?"

"இருக்குங்க சார். மழை காலத்துல கூடுது."

"பெரட்டுல கம்பளிய முக்க வைக்கிறாங்களே, எதுக்குன்னு அம்மா சொன்னாங்களா?"

கம்பெனித் தோட்டங்களில் அப்போது ஒரு நடைமுறை இருந்தது. காலையில் பெரட்டு என்று பேர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்புவதற்கு முன், பெண்கள் தலையில் போட்டுக்கொள்ளும் கம்பளியைப் பெரட்டுக் களத்துப் பீப்பாயில் இருந்த மருந்துத் தண்ணீரில் முக்கி, பிழிந்து, அதையே போட்டுக்கொண்டு போக வேண்டும். அந்தக் குளிரில், விடிந்தும் விடியாமலும். கழுத்து வழியாக முதுகில் இறங்கும் ஈரத்தோடுதான் அம்மா நாள் முழுக்கக் கொழுந்து பறிப்பாள். எதற்கென்று யாரும் சொன்னதில்லை. பேனுக்காக என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அதையே சொன்னேன்.

"பேனுக்காக இல்லீங்க," என்றார். துரை சில வருஷங்களுக்கு முன் எழுதிய கட்டுரையை எடுத்து ஒரு வரியைக் காட்டினார். கொப்புள நோய் இந்தியாவிலிருந்து வந்த கூலிகளின் கம்பளியில் ஒட்டிக்கொண்டு வந்தது, இப்போதும் அவர்கள் கம்பளியிலேயே மலைக்கு மலை பரவுகிறது என்று இருந்தது. அந்த வரியைப் படித்த பிறகுதான் தோட்டங்களில் பீப்பாய் வைத்தார்களாம்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. இதே வரியை அவருடைய முதல் பிரதியில் நானே அடித்திருக்கிறேன். இங்கிலீஷில் அடிக்கும்போது அது என் அம்மாவின் கம்பளி என்று தோன்றவேயில்லை.

"துரை எங்கிருந்து எடுத்தாருன்னு பாத்தேன்," என்றார். "ஒரு புஸ்தகத்துல இருந்து. புஸ்தகக்காரர் எங்கிருந்து எடுத்தாரு? இந்தப் பழைய ஏட்டுல இருந்து. இத எழுதினவரு ஒரு தோட்டத் துரை. அவரு என்ன எழுதியிருக்காருன்னு பாருங்க. கிளப்புல அப்படிப் பேசிக்கிட்டாங்களாம்." பெட்டியிலிருந்த ஏட்டை மெதுவாக மூடினார். "கிளப்புல பேசினதுங்க. ஒருத்தரும் கண்ணால பாக்கல. நோய் காத்துல போகுதுங்கறதுக்குத்தான் மத்ததெல்லாம் சாட்சியா இருக்கு. நானும் துரைய நம்பி எழுதிட்டேன் பாருங்க, மொதப் பிரதியில."

அன்றைக்கே அந்த வரியை எடுத்துவிட்டு, நோய் கம்பளியால் பரவுகிறது என்பதை இதுவரை யாரும் நேரில் கண்டு எழுதவில்லை என்று ஒரு வரி சேர்த்தார். அந்த ஒரு வரியை மட்டும் அவர் பிறகு வெட்டவும் இல்லை, மாற்றவும் இல்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. உன் துணியால்தான் தேயிலை நோயாகிறது என்று எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது?

கடைசிப் பிரதியைத் துரையிடம் கொடுத்தபோது நானும் அறையில் இருந்தேன், கடிதம் குறித்துக்கொள்ள. துரை கெட்டவர் இல்லை. முழுவதும் படித்தார், நல்ல கட்டுரை என்றார். அந்த இடத்துக்கு வந்ததும் வாயிலிருந்த பைப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

அவர் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இதில் நீ சொல்வது சரி. ஆனால் ஏட்டை நடத்தும் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் தோட்டத் துரைமார். பீப்பாய் வைத்தவர்கள். என் வரியை நான் திருத்தினால் திருத்தம் என்று எடுத்துக்கொள்வார்கள். நீ திருத்தினால், லயத்திலிருந்து வந்த பையன் தன் ஆட்களுக்காகப் பேசுகிறான் என்பார்கள். வரியை வெட்டிவிட்டுத்தான் போடுவார்கள்."

"அப்படியென்றால் என்ன செய்யலாம், சார்?"

"வரியை விட்டுவிடு. உன் பெயரில் வரட்டும். வேலைக்கு நான் எழுதுகிறேன். இல்லையென்றால் கட்டுரை என் பெயரில் போகட்டும், வரி நிற்கும். ஆனால் வேலைக்குக் காட்ட உன்னிடம் ஒன்றும் இருக்காது. நாளைக்குச் சொல்."

வெளியே வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். எனக்கு அடக்க முடியவில்லை. "வரிய விட்டுடுங்க சார்," என்றேன். "வேலை நெரந்தரமானா பெறகு ஒரு நாள் நீங்களே வேற கட்டுரையில எழுதிக்கலாம். பீப்பாய் இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டுப் போகுது. எங்கம்மா இவ்வளவு நாள் முக்கலையா?"

பெற்ற தாயின் இருமலை வைத்துக்கொண்டு இதைச் சொன்னேன். எனக்கு அவர் அங்கேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை குடையை வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார். கையில் கட்டுரையின் முதல் தாள் இருந்தது. தலைப்புக்குக் கீழே அவர் பெயர் இருந்த இடத்தில், வழக்கமாக வேண்டாத சொல்லுக்கு இழுக்கும் அதே கோட்டை இழுத்திருந்தார். மேலே துரையின் பெயரை எழுதியிருந்தார்.

"இந்தத் தாள மட்டும் திருப்பி அடிச்சுடுங்க மிஸ்."

"இத நான் அடிக்க மாட்டேன்."

"மத்ததெல்லாம் சரியா இருக்குங்க. இது ஒண்ணுதான் மிச்சம்."

நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே கோபத்தில் கேட்டேன், உங்களுக்கென்று ஒன்றுமே வேண்டாமா என்று. ஜன்னல் பக்கம் திரும்பினார். எதிர் மலையில் பெண்கள் நிரை பிடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். "வேணுங்க," என்றார். "வேணாம்னு சொன்னா நாளைக்கு வந்து திருத்த வேண்டியிருக்கும்." பிறகு அறைக்குப் போய்க் கயிற்றிலிருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். நான் அந்தத் தாளை அடித்துக் கொடுத்தேன்.

கட்டுரை அச்சுக்குப் போன பிறகு ஆபீசில் அவருக்குப் பெரிய வேலை இல்லை. நிரந்தர வேலை இலங்கைப் பிரஜைகளுக்குத்தான் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அவருடைய விண்ணப்பமும், தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி இல்லை என்று திரும்பி வந்தது. திருச்சிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை இருக்கிறதென்று யாரோ எழுதியிருந்தார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் தலைமன்னார் போக ரயில் ஏறும்போது வழியனுப்ப நானும் பியூனும் மட்டும் நின்றோம். அங்கே அவருக்கு யாரும் இல்லை. இங்கேயும்தான் யார் இருந்தார்கள்?

பிறகு ஒரு போஸ்ட்கார்டு வந்தது. "சுகமாக வந்து சேர்ந்தேன்" என்று எழுதி, "சுகமாக" என்பதை மட்டும் ஒரு கோடு இழுத்து அடித்திருந்தார். விலாசம் எழுதவில்லை. நான் பதில் போட வழியில்லாமல் போயிற்று.

அதற்கப்புறம்தான் ஏடு வந்தது. துரையின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. அவசரமாகப் புரட்டிப் பார்த்தேன். வரி இருந்தது, ஒரு சொல்கூட மாறாமல். மழை தொடங்குவதற்குள் தோட்டங்களில் பீப்பாய்களை எடுத்துவிட்டார்கள்.

எடுத்த அன்று சாயந்தரம் நான் வீட்டுக்குப் போனபோது, அம்மா உலர்ந்த கம்பளியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். "இனிமே முக்க வேணாமாம் புள்ள," என்றாள். "புதுசா வந்திருக்க சின்னத் தொரை நல்லவருபோல. மாதா அவருக்கு ஒரு கொறையும் வைக்கக் கூடாது."

அப்போதுதான் சொன்னேன். கம்பளியைப் பற்றி எழுதியிருந்ததை, அதை ஒருவர் தேடிப் பிடித்து எடுத்ததை, எடுப்பதற்காகத் தன் பெயரை விட்டதை எல்லாம் சொன்னேன், அவர் தனி ஆள் என்பதையும். அம்மாவுக்கு முதல் பாதியை நம்ப முடியவில்லை. "நம்ம துணியாலயா? அப்படியா எழுதியிருந்தாங்க?" என்று இரண்டு மூன்று தரம் கேட்டாள். கம்பளியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அந்த மனுசன் பேரு என்னா?"

சொன்னேன். அம்மா அந்தப் பெயரை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

"நம்ம கண்ணாடி ஆபீசுலயா இருக்காரு? அப்ப ஒரு நாள் கூட்டிக்கிட்டு வரக் கூடாதா புள்ள? தனி ஆளுங்கிற. ஒரு வாய் சாப்பிட்டுப் போகட்டுமே."

"கூப்பிடுறேம்மா," என்றேன்.